அந்த வயரைக் கண்டது யார், எஸ்தர்?

என் பிரியத்துக்குரிய எஸ்தருக்கு,

பிரியத்துக்குரிய என்று எழுதிவிட்டு வெகுநேரம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கை வரவில்லை. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்த வண்டிப்பெரியாரில் வேறு யார் மேலும் இல்லை. பிரியமும் அப்படித்தான். அதனால் அந்த வார்த்தை இருக்கட்டும்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கல்லறைக்கு மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் அருள் அண்ணன் கூடவே நின்றான். அவனை வைத்துக்கொண்டு உன்னிடம் என்ன பேச முடியும்? அதுதான் எழுதுகிறேன். ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறாளே என்று நீ முகத்தைச் சுளிப்பாய். நீ எனக்குச் செய்ததும் உலகமே படிக்கிற இடத்தில்தான் கிடக்கிறது. நான் ஒருத்திதான் படிக்காமல் இருந்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இருக்கிற உன் கடையை இப்போது நான்தான் திறக்கிறேன். போர்டில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. மழை இந்தத் தடவை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. பீர்மேட்டுப் பக்கம் மண் சரிந்து ஒரு வாரம் பஸ் இல்லை. உன் அம்மா முழங்கால் வலியோடு இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அண்ணன் தேயிலை பாக்டரியில் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எஸ்தரும் நானும் ஒரே எஸ்டேட்டில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் நாலு வீடு தள்ளிப் பிறந்தவர்கள். ஒரே வகுப்பு, ஒரே கல்லூரி, ஒரே கம்ப்யூட்டர் பாடம். பிறகு இவள் என் அண்ணன் அருளைக் கட்டிக்கொண்டு எனக்கு மதினி ஆனாள். ஆள் முன்னால் மதினி, தனியே இருந்தால் ஏட்டி. அவள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்தாள். நான் பள்ளிக்கூடத்தில் தினக்கூலிக் கம்ப்யூட்டர் டீச்சர் ஆனேன்.

அந்த முப்பது லேப்டாப்பும் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனி பயன்படுத்தித் தீர்த்ததை நம் பள்ளிக்குக் கொடுத்தார்கள். பள்ளிக் கம்ப்யூட்டரை ஓட்ட, யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய லினக்ஸ்தான் போட வேண்டும் என்பது வழக்கம். போட்டோம். படம் தெரிந்தது, பாட்டு கேட்டது, நெட் மட்டும் வரவில்லை. வைஃபை கார்டு உள்ளே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஆனால் ஒரு லேப்டாப்பிலும் சிக்னல் இல்லை. ரவுட்டரின் தலைமேல் கொண்டுபோய் வைத்தால் மட்டும் ஒரு கோடு தெரியும். இரண்டடி நகர்ந்தால் அதுவும் போய்விடும்.

கார்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். கோளாறு டிரைவரில்தான் என்று நீ சொன்னாய். மூன்று வாரம் அதன் ஒவ்வொரு வரியையும் படித்தாய். கடையை மதியத்தோடு பூட்டிவிட்டு மழையில் நனைந்துகொண்டு ஸ்கூலுக்கு வருவாய். உன் போனிலிருந்து நெட் கொடுத்து, வேண்டியதை இறக்கி, மாற்றி, திரும்பக் கட்டி, ஏற்றிப் பார்ப்போம். ஒரு நாள் லேப்டாப் மொத்தமாகவே எழும்பவில்லை. நீ சிரித்தாய், நான் அழுதேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்தை நான் மறக்கவில்லை. நீ உன் திரையில் மூழ்கியிருந்தாய். எனக்குப் படித்துப் படித்துக் கண் பூத்துவிட்டது. சும்மா இருக்க முடியாமல் ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன்.

"என்னட்டி செய்த? ஹெச்.எம். பாத்தா கொன்னுருவாரு," என்றாய் திரும்பாமலே.

"ஏட்டி, இங்க வா. கார்டுல வயரு மாட்ட ரெண்டு மொன இருக்கு. ஒண்ணுலதான் வயரு இருக்கு."

"அதுனால என்ன?"

"மாட்டியிருக்கது ரெண்டாவது மொனயில."

நீ எழுந்து வந்து குனிந்து பார்த்தாய். அடுத்த லேப்டாப்பைக் கழற்றினோம். அதிலும் அப்படியே. அந்த மாடல் செய்தவர்கள் ஒரே ஒரு ஆன்டெனா வயரை வைத்து, அதையும் இரண்டாம் முனையில் மாட்டி அனுப்பிவிட்டிருந்தார்கள். டிரைவரோ முதல் முனையில் சிக்னலைத் தேடிக்கொண்டிருந்தது. நான் நகத்தால் வயரை நெம்பி முதல் முனைக்கு மாற்றினேன். ஐந்து கோடும் எழும்பி நின்றது. நீ என் கன்னத்தைக் கிள்ளினாய்.

"மூணு வாரமா நான் வரி வரியா படிக்கேன். நீ ஒரு மூடியத் தெறந்து கண்டுபிடிச்சிட்ட," என்றாய். இதை நீ சொன்னாய், எஸ்தர். உன் வாயால் சொன்னாய்.

எல்லா லேப்டாப்பையும் திறந்து வயரை மாற்ற முடியவில்லை. இரண்டாவதிலேயே அந்தச் சின்ன முனை ஒடிந்துவிட்டது. இனித் திறக்கக் கூடாது என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். அதனால் நீ டிரைவரிலேயே திருத்தம் எழுதினாய்: இந்த மாடலாக இருந்தால் இரண்டாம் முனையில் தேடு. எழுதியது நீதான். எனக்கு அந்த அளவு எழுத அப்போது வராது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, இன்றும் கிடையாது.

"இத லினக்ஸ்காரங்களுக்கு அனுப்பிருவோம். உலகத்துல இந்த மாடல் வச்சிருக்க எல்லாருக்கும் ஆகும். நம்ம ரெண்டு பேரு பேரும் வரும்," என்றாய். அனுப்பினாய். அடுத்த மாதம் கேட்டேன், பதில் இல்லை என்றாய். அதற்கடுத்த மாதம் கேட்டேன்.

"ஏத்துக்கலட்டி. ஒரு மாடலுக்காவ மாத்த முடியாதுங்காங்க."

நான் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்?

பள்ளி லேப்டாப்பில் இருந்தது லினக்ஸின் பழைய பதிப்பு. அது புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பழைய டிரைவர் வந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமை முழுக்க நான் பென் டிரைவோடு ஒவ்வொரு மேசையாகப் போய் உன் திருத்தத்தைத் திரும்ப ஏற்றுவேன். ஏற்றுக்கொள்ளாத வேலை, அதனால் நாமே சுமக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். சில சனிக்கிழமை நீயும் வந்து சமோசா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

பிறகு கட்டப்பனையில் அந்த இண்டர்வியூ. பள்ளி ஆசிரியர்களுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஒரே ஒரு காலியிடம். என் தினக்கூலி வேலை அந்த வருடத்தோடு முடிகிறது என்று உனக்குத் தெரியும். நீதான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாய், நீதான் துணைக்கு வந்தாய். உள்ளே ஒருவர் கேட்டார், "வேலை செஞ்சதா சொல்றீங்களே, எங்கயாவது உங்க பேரு பதிஞ்சிருக்கா?" நான், "அனுப்பியிருக்கோம் சார், ஏத்துக்கல," என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஏலப்பாறை வழியாகத் திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ என் மடியில் கடலைப் பொட்டலத்தை வைத்தாய்.

"விடுட்டி. பேரா முக்கியம்? பிள்ளைகளுக்கு நெட் கெடச்சுதா இல்லியா, அதச் சொல்லு."

அந்த பஸ்ஸில் நீ அதைச் சொல்லும்போது உன் திருத்தம் ஏற்கப்பட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை, எஸ்தர். மற்றதைக்கூட ஆசை என்று சொல்லலாம். ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நான் அழுவதைப் பார்த்துக்கொண்டு, எப்படி உனக்கு அந்த வாக்கியம் வாயில் வந்தது?

அதற்கடுத்து உனக்கு பெங்களூர்க் கம்பெனியில், வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்தது. பழைய சிநேகிதர் ஒருவர் சொல்லிவிட்டார் என்றாய். உனக்கு நேரம் போதாது என்று, வேலை இல்லாமல் இருந்த என்னைக் கடையில் உட்கார வைத்தாய். நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். என் மதினி மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று லயத்தில் எல்லோரிடமும் சொன்னேன். நீ அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாய்.

எலிக்காய்ச்சல் வந்து கோட்டயம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நாலு நாள் நீ நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாய். பிரிண்டருக்கு மை வாங்கிவைக்கச் சொன்னாய். உன் பச்சைச் சேலையை எடுத்துக்கொள்ளச் சொன்னாய். அந்த நாலு நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சாகப்போகிறோம் என்று உனக்குத் தெரியாது, சரி. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாயா?

நீ போன நாலாம் மாதம் கடை போனுக்கு ஒருவர் கூப்பிட்டார். அகளியில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற குமரேசன்.

"ஏனுங்க, எஸ்தர் மேடங்களா?"

"அவங்க இப்ப இல்ல. நான் அவங்க நாத்தனார். என்ன வேணும்?"

"தப்பா நெனைக்காதீங்க. நன்றி சொல்லோணும்னுதான் கூப்புட்டனுங்க. எங்களுக்கும் அதே மாடல் லேப்டாப்புதான் குடுத்தாங்க. புது லினக்ஸ் போட்டதும் தானாவே நெட்டு புடிச்சுக்குச்சுங்க. யாரு இத செஞ்சாங்கன்னு தேடிப் பாத்தா எஸ்தர், வண்டிப்பெரியார்னு போட்டிருக்குதுங்க. நம்ம கேரளத் தமிழ்ப் பொண்ணான்னு ரொம்பச் சந்தோசமாயிருச்சுங்க."

எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பக்கத்தின் நெட் விலாசத்தை அனுப்பினார். அதோடு ஒரு குறையும் சொன்னார். லேப்டாப்பை மூடித் திறந்தால் சிக்னல் போய்விடுகிறதாம், அணைத்துப் போட்டால்தான் திரும்ப வருகிறதாம். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் அதைத் திறந்தேன்.

திருத்தங்களைப் பற்றி எல்லோரும் மெயிலில் பேசிக்கொள்கிற பொதுப் பக்கம் அது. உன் திருத்தம், உன் பெயர், ஏற்றுக்கொண்ட தேதி எல்லாம் இருந்தது. அதுவரைக்கும் பரவாயில்லை, மறந்திருப்பாய் என்றுதான் மனம் சமாதானம் தேடியது. கீழே போனேன். அந்த டிரைவருக்குப் பொறுப்பானவர் உன்னிடம் கேட்டிருந்தார்: நல்ல கண்டுபிடிப்பு. வயர் இரண்டாம் முனையில் இருப்பதை முதலில் கவனித்தது யார்? வேறு யாராவது இருந்தால் அவர் பெயருக்கும் தனி வரி உண்டு, சேர்த்து அனுப்புங்கள்.

நீ பதில் எழுதியிருந்தாய்: வேறு யாரும் இல்லை. நானே திறந்து பார்த்துக் கண்டுபிடித்தேன்.

அவர் கேட்காமல் இருந்திருந்தால்கூட உன்னை நான் விட்டிருப்பேன். அவர் கேட்டார். வரி தர முன்வந்தார். ஒரு பெயர் எழுத எவ்வளவு நேரம் ஆகும், எஸ்தர்? உன் பெயரிலிருந்து எந்த எழுத்து குறைந்திருக்கும்?

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போல் இருந்தது. அப்படியே அடக்கிக்கொண்டு இருந்திருப்பேன், ஹெச்.எம். கடைக்கு வராமல் இருந்திருந்தால். பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்கு உன் பெயரை வைக்கப்போகிறார்கள் என்றார். விழாவில் நான் பேச வேண்டும் என்று அவருடைய மலையாளத் தமிழில் கேட்டார்.

"ஜெசிந்தா டீச்சரே, நீங்க ரெண்டு வாக்கு பறையணும். எஸ்தரைப் பத்தி நீங்க பறைஞ்சாதான் சரியாகும்."

அன்று சாயந்திரம் அண்ணனைக் கடைக்கு வரச்சொல்லி அந்தப் பக்கத்தைக் காட்டினேன். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தான். முகம் கறுத்துவிட்டது.

"இத இப்ப எதுக்கு எங்கிட்டக் காட்டுத? செத்தவ மேல கேஸ் போடப் போறியா?"

"இல்லண்ணே. ஸ்டேஜ்ல ஏறி நான் என்ன சொல்லட்டும்? அதுக்குத்தான் கேக்கேன்."

"நல்லதா நாலு வார்த்த சொல்லு. எனக்கு மிச்சம் இருக்கது அவ பேரு ஒண்ணுதான், ஜெசி."

"அதுல பாதி எம் பேருண்ணே."

அவன் எழுந்து போய்விட்டான்.

விழாவுக்குப் போனேன். உன் அம்மா முன்வரிசையில் இருந்தார். உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் நீ தனியாளாக இருந்து சாதித்ததைச் சொன்னார்கள். தனியாள், தனியாள் என்று கேட்கக் கேட்க எனக்குக் காது சூடாகிவிட்டது. மைக்கைப் பிடித்து மூன்றே வாக்கியம் சொன்னேன். "இந்த லேப்டாப்பெல்லாம் நெட் பிடிக்கும்படி புரோகிராம் எழுதியது எஸ்தர். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தது நான். இரண்டும் உண்மை." இறங்கி வந்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை.

"செத்தவகிட்டப் போயி பேருக்கு மல்லுக்கட்டுதா பாரு," என்று லயத்தில் பேசினார்கள். உன் அம்மா என்னைப் பார்த்தால் பாதை மாறிப் போனார். அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதற்கும் உன்னைத்தான் குற்றம் சொல்கிறேன். பொய் சொன்னவள் நீ. அதற்கான பழியை மட்டும் என் தலையில் வைத்துவிட்டுப் போனாய்.

அந்த ஒரு மாதத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? உன் எழுத்தைப் படித்தேன். நீ டிரைவரில் எழுதிய ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதிவைத்துப் படித்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. நீ எத்தனை அழகாக எழுதுகிறாய் என்பதும் புரிந்தது. வேண்டாத ஒரு வார்த்தை இல்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. இவ்வளவு இருக்கிறவளுக்கு என்னுடைய ஒன்று எதற்குத் தேவைப்பட்டது?

குமரேசன் சொன்ன குறையும் அங்கேதான் அகப்பட்டது. லேப்டாப் புதிதாக எழும்பும்போது இரண்டாம் முனையில் தேடச் சொல்லியிருக்கிறாய். மூடித் திறக்கும்போது டிரைவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அங்கே நீ சொல்ல மறந்துவிட்டாய். திரும்ப முதல் முனைக்கே போய்விடுகிறது. சரிசெய்ய ஆறு வரி போதும். அந்த ஆறு வரியை எழுத எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று. பள்ளியிலிருந்து கடைக்கு எடுத்து வந்த ஒரு லேப்டாப்பில் மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தேன். சிக்னல் போகாமல் நின்றது.

பொறுப்பாளருக்கு எழுதினேன். நடந்ததை உள்ளபடி எழுதினேன். பழைய பதிவில் என் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். இரண்டே நாளில் பதில் வந்தது. முடியாதாம். ஒரு தடவை ஏறிய பதிவை யாரும் மாற்ற முடியாது, அவராலும் முடியாது. வருத்தம் தெரிவித்திருந்தார். ஆனால் இந்தப் புதுத் திருத்தத்தை என் பெயரிலேயே அனுப்பலாம், பின்னணியை அதன் விளக்கத்தில் நானே எழுதிக்கொள்ளலாம் என்றார். அந்தப் பதிலை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நீ எழுதிய பொய் எப்போதும் அங்கேயே இருக்கும். அழிக்க முடியாது.

விளக்கத்தை எழுதிக்கொண்டிருந்த மத்தியானம் அண்ணன் கடைக்கு வந்தான். பாக்டரி உடுப்போடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அந்த மெயிலைத் திரும்பக் காட்டச் சொன்னான். இந்தத் தடவை, அடியில் பெங்களூர்க் கம்பெனிக்காரர் ஒருவர் உன் திருத்தத்தைப் பாராட்டி வேலைக்கு அழைத்திருந்ததுவரை முழுக்கப் படித்தான்.

"எங்கிட்டயும் சொல்லல, ஜெசி. பெங்களூர் வேல இதுனாலதான் கெடச்சுதுன்னு எனக்குத் தெரியாது. ஒன்னயப் பாத்தாலே அவ ஏன் சமோசா வாங்கிட்டு ஓடுதான்னு அப்பப்ப நெனப்பேன்."

பிறகு கேட்டான், "நீ இப்ப என்ன எழுதப் போற?"

"நடந்தத."

"அவ பேரு வருமா?"

"வரும்ணே. அவ எழுதினத அவ எழுதினதாத்தான் எழுதுவேன்."

தலையாட்டிவிட்டுப் போனான். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனான்.

என் திருத்தம் போன மாதம் ஏறிவிட்டது. விளக்கத்தில் இப்படி எழுதினேன்: வயர் இரண்டாம் முனையில் இருப்பதைப் பள்ளி லேப்டாப்பைத் திறந்து கண்டது ஜெசிந்தா. அதற்கான முதல் திருத்தத்தை எழுதியது காலஞ்சென்ற எஸ்தர். மூடித் திறக்கும்போது வரும் குறையைச் சொன்னது அகளி குமரேசன். அவருக்கும் தனி வரி உண்டு. அவர் போன் பண்ணி, "எம் பேரெல்லாம் எதுக்குங்க?" என்று கூச்சப்பட்டார். எதற்கு என்று அவருக்குச் சொல்லவில்லை.

கட்டப்பனை வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அது திரும்ப வராது. உன் அம்மா போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான்.

உன்னை மன்னித்துவிட்டேனா? இல்லை, எஸ்தர். ஆள் செத்துவிட்டால் மன்னித்துவிட வேண்டும் என்று பாதிரியார் சொல்கிறார். எனக்கு இன்னும் வரவில்லை. வராததை வந்தது போல் காட்டினால் நானும் உன்னிடம் பொய் சொன்னவள் ஆவேன்.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உன்னைப் பற்றி யார் கேட்டாலும் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். நீ எழுதிய திருத்தத்தை, பழுது வரும்போதெல்லாம், என்னால் முடிகிற காலம்வரை நானே பார்த்துக்கொள்வேன். மன்னிக்கிற நாள் என்று ஒன்று வந்தால், அன்று அண்ணனைக் கூட்டாமல் தனியாக வந்து, உன் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்கிறேன். அதுவரைக்கும் கோபத்தோடுதான் வருவேன். ஆனால் வருவேன்.

உன் நாத்தனார்,
அதற்கும் முன்னாலிருந்தே உன் கூட்டுக்காரி,
ஜெசிந்தா